கடல் சுருதி சேர்த்த பியானோ

1

ஜப்பானின் வடகிழக்குக் கரையோரத்தில் இருக்கிறது மியாகி மாகாணம். அங்கே நதோரி என்ற ஊரில் ஒரு வேளாண்மை உயர்நிலைப் பள்ளி. 2011 மார்ச் 11 அன்று பிற்பகலில் வந்த நிலநடுக்கத்தின் அளவு 9.0. அதன் பின்னாலேயே வந்த சுனாமி அந்தப் பள்ளிக்குள்ளும் புகுந்தது. அந்தப் பேரழிவில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக 18,000 பேருக்கும் மேல். அவ்வளவு பெரிய கணக்கின் முன்னால், பள்ளிக்கூடத்துப் பியானோ ஒன்று நீரில் மூழ்கியதை ஒரு செய்தியாகக்கூடச் சொல்ல முடியாது. மேசை, நாற்காலி, பீரோ, பியானோ என்று சேதப் பட்டியலில் ஒரு வரி, அவ்வளவுதான்.

ரியுய்ச்சி சகாமோட்டோ அந்தப் பியானோவைத் தேடிப் போனார். ‘மெர்ரி கிறிஸ்துமஸ், மிஸ்டர் லாரன்ஸ்’, ‘தி லாஸ்ட் எம்பரர்’ படங்களின் இசையமைப்பாளராக அவரைப் பலருக்கும் தெரியும். எழுபதுகளின் இறுதியில் ‘யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ரா’ என்ற குழுவோடு மின்னணு இசைக்குள் வந்தவர். பிற்காலத்தில் பியானோவையும் கணினி ஒலிகளையும் ஒன்றாகப் பின்னும் ஆம்பியன்ட் இசையில்தான் அதிகம் வாழ்ந்தார். ‘கோடா’ என்ற ஆவணப்படத்தில் அவர் இந்தப் பியானோவின் முன் அமர்ந்து கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார். சில ஒலிக்கின்றன. சில ஒலிப்பதில்லை. ஒலிப்பவையும் நமக்குப் பழகிய எந்தச் சுருதியிலும் இல்லை.

முதலில் அவருக்கு அது நீரில் மூழ்கி இறந்த ஒன்றின் உடலைத் தொட்டு வாசிப்பதுபோல இருந்திருக்கிறது. பின்னர் அந்த எண்ணம் மாறியது. மனிதர்கள் தங்கள் விருப்பத்துக்கு முறுக்கிவைத்த கருவியை இயற்கை தன் சுருதிக்குத் திருப்பிவிட்டது என்று பார்க்கத் தொடங்கினார். அந்தப் பியானோவின் ஒலிகள் அவருடைய 2017 ஆல்பமான ‘ஏசிங்க்’கில் இருக்கின்றன. என் தொழிலில் தினமும் வாயில் புரளும் சொல் அது: ஒரு வேலை இன்னொரு வேலைக்காகக் காத்திராமல் தன் போக்கில் நடப்பது.

அந்த ஆல்பத்தைப் பல நூறு முறை கேட்டிருக்கிறேன். எனக்கு அது அழகாக இருக்கிறது. அழகாக இருப்பதுதான் என் சிக்கல். பதினெட்டாயிரம் பேரைக் கொண்டுபோன தண்ணீர்தான் அந்தப் பியானோவையும் அப்படி ஆக்கியது. அந்தத் தண்ணீர் செய்த வேலையை ‘சுருதி சேர்த்தல்’ என்று சொல்லலாமா? அதைவிட அடிப்படையாக ஒரு கேள்வி: ஒருவருடைய சிதைவிலிருந்து இன்னொருவர் அழகை எடுத்துக்கொள்ள என்ன உரிமை?

2

முதலில் ‘இயற்கையின் சுருதி’ என்ற வாதத்தைப் பார்ப்போம். பௌதிகமாக அதில் நிறைய உண்மை இருக்கிறது.

ஒரு பியானோவுக்குள் ஏறக்குறைய 230 தந்திகள் இருக்கின்றன. எல்லாவற்றின் இழுவிசையையும் கூட்டினால் பெரிய பியானோக்களில் 20 டன் அளவுக்கு வரும். அதைத் தாங்க உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டகம். பக்கவாட்டில் வளைந்து போகும் அந்த அழகான மரம் மெல்லிய பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, அழுத்தி, வளைத்துச் செய்யப்படுவது. மரம் நேராக நிமிரப் பார்க்கிறது, தந்தி தளரப் பார்க்கிறது, நாம் விடுவதில்லை. ‘பியானோ சுருதி விலகிவிட்டது’ என்று நாம் சொல்வது, அந்தப் பொருட்களின் பக்கமிருந்து பார்த்தால், ‘கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்டன’ என்பதுதான்.

இன்னொன்றும் உண்டு. சரியாகச் சுருதி சேர்த்த பியானோவில்கூட எல்லாமே துல்லியம் இல்லை. ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பாகமாகப் பிரிப்பதற்காக ஒவ்வொரு பஞ்சமத்தையும் துளி குறைத்துத்தான் வைக்கிறார்கள். தம்புராவுக்குப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தவறாக இருந்தால் யாருக்கும் பெரிய தவறு இருக்காது என்கிற ஓர் ஒப்பந்தம்தான் பியானோவின் சுருதி. ஆகவே ‘சரியான சுருதி’ என்பதே மனிதர்கள் எழுதிக்கொண்ட ஒரு ஏற்பாடு என்று சகாமோட்டோ சொன்னால், மறுக்க ஒன்றுமில்லை.

ஆனால் ஒன்று மனிதர்கள் செய்த ஏற்பாடு என்பதாலேயே அதைக் கலைப்பது நியாயம் ஆகிவிடுமா? வீடும் மனித ஏற்பாடுதான். பள்ளிக்கூடமும் அப்படித்தான். தடுப்பூசி இயற்கைக்கு எதிரான ஏற்பாடு. 2014இல் சகாமோட்டோவுக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. அதுவும் இயற்கைதான். உயிரணுக்கள் தம் போக்கில் போவதுதான். இயற்கை தன் தொண்டையைச் சுருதி சேர்க்கிறது என்று அவர் விட்டுவிடவில்லை, சிகிச்சைக்குப் போனார். தன் உடலைச் சீராக்கப் பொறுமையாகப் பாடுபட்டார். 2023 மார்ச் 28 அன்று இறக்கும்வரை, வேறொரு புற்றுநோயோடும் போராடியபடியே வேலை செய்தார். இதை முரண்பாடு என்று குற்றம் சொல்லவில்லை. யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வோம், செய்யவும் வேண்டும். நான் சொல்ல வருவது இதுதான்: அந்தப் பியானோவைச் சரிசெய்யாமல் விட்டது நியாயம் என்றால், அதற்குக் காரணம் ‘இயற்கை செய்தது’ என்பதாக இருக்க முடியாது. காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும்.

3

பொருளை விடுங்கள். சிதைந்தது ஒரு மனிதனாக இருந்தால்?

1971. லண்டனில் எலிஃபன்ட் அண்ட் காஸில், வாட்டர்லூ நிலையம் பக்கம் தெருவில் வாழ்பவர்களைப் பற்றி ஆலன் பவர் என்பவர் ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தார். படத்தில் பயன்படாத ஒலிநாடாக்களை நண்பர் கேவின் ப்ரையர்ஸிடம் கொடுத்தார். அதில் வீடற்ற ஒரு முதியவர் ஒரு பக்திப் பாட்டின் சில அடிகளைப் பாடியிருந்தார். நடுங்கும் குரல். ஆனால் சுருதி விலகவில்லை. ப்ரையர்ஸ் தன் பியானோவை வாசித்துப் பார்த்தபோது குரல் அதோடு ஒத்துப்போனது. அந்தச் சில அடிகளை லூப்பாக்கினார். லெஸ்டரில் அதைத் தொடர்ந்து ஓடவிட்டுப் பிரதி எடுத்தபோது, கதவைத் திறந்துவைத்துவிட்டு காபி குடிக்கப் போயிருக்கிறார். பக்கத்தில் ஓவியம் வரைகிறவர்களின் பெரிய அறை. திரும்பி வந்து பார்த்தால் எப்போதும் கலகலவென்றிருக்கும் அந்த அறை அடங்கிப்போயிருந்தது. சிலர் அழுதுகொண்டிருந்தார்கள்.

அந்த லூப்பின் மேல் வாத்தியங்களை ஒவ்வொன்றாக, மிக மெதுவாகச் சேர்த்து அவர் உருவாக்கியதுதான் ‘ஜீசஸ் பிளட் நெவர் ஃபெயில்ட் மீ யெட்’. 1975இல் பிரையன் ஈனோவின் ‘அப்ஸ்க்யூர்’ நிறுவனம் வெளியிட்டது. ஈனோ ‘ஆம்பியன்ட்’ என்ற பெயரை இந்த வகை இசைக்குச் சூட்டியது அதற்குப் பிறகு, 1978இல். ஆக இந்தப் பரம்பரையின் முன்வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறார் அந்த முதியவர். 1993இல் எழுபது நிமிடங்களுக்கும் மேல் நீளும் இன்னொரு வடிவம் வந்தது. முதியவருக்கு இதெல்லாம் தெரியாது. ப்ரையர்ஸ் என்ன செய்தார் என்று கேட்பதற்கு முன்பே அவர் இறந்துவிட்டார்.

இதைக் கேட்கும்போது எனக்குள் இரண்டு பேர் பேசுகிறார்கள். ஒருவர் சொல்கிறார்: ‘எவ்வளவு மரியாதையாகச் செய்திருக்கிறார் பார். குரலைத் திருத்தவில்லை. மெருகேற்றவில்லை. ஒரு முழு ஆர்கெஸ்ட்ராவும் அந்த ஒற்றைக் குரலுக்குப் பின்னால் வந்து நிற்கிறது. பணிவு என்றால் இதுதான்.’ இன்னொருவர் விடுவதில்லை: ‘அந்த மனுஷனுக்குத் தேவைப்பட்டது ஆர்கெஸ்ட்ராவா? தலைக்கு மேல ஒரு கூரைதானே?’

இரண்டாவது குரலுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. ப்ரையர்ஸ் அவரை அந்தத் தெருவுக்குக் கொண்டுவரவில்லை. ஒரு இசையமைப்பாளர் ஒரு நகரத்தின் வீட்டுப் பிரச்சினையைத் தீர்க்க முடியாது. ஆனாலும் நாம் எழுபது நிமிடம் உருகிவிட்டு ஹெட்ஃபோனைக் கழற்றும்போது, ஏதோ ஒரு கடனை அடைத்துவிட்டதுபோல ஒரு நிறைவு வருகிறதே, அந்த நிறைவு பொய். அந்தக் கடன் அப்படியேதான் இருக்கிறது. அழகு ஆபத்தாவது இந்த இடத்தில்தான். நம்மைக் கல்நெஞ்சர்கள் ஆக்குவதால் வரும் ஆபத்து அல்ல இது. இளகிவிட்டோம் என்ற திருப்தியைக் கொடுத்து நம்மை அனுப்பிவைப்பதால் வருவது.

4

அடுத்தது எல்லோரும் அறிந்த கதை. 2001 கோடையில், ப்ரூக்ளினில், வில்லியம் பசின்ஸ்கி தன் பழைய ஒலிநாடா லூப்களை டிஜிட்டலாக்கிக்கொண்டிருந்தார். 1982 வாக்கில் செய்தவை. ஒலிநாடா என்பது பிளாஸ்டிக் பட்டையின் மேல் பசையால் ஒட்டிய இரும்பு ஆக்ஸைடுத் துகள்கள்தான். இருபது வருடத்தில் பசை செத்துப்போயிருந்தது. நாடா ஒவ்வொரு முறை சுற்றி வரும்போதும் கொஞ்சம் துகள் உதிர்ந்தது. துகளோடு கொஞ்சம் இசையும் உதிர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. ஓடவிட்டுப் பதிவுசெய்துகொண்டே இருந்தார். சில நொடி நீளமுள்ள ஒரு மெட்டு ஒரு மணி நேரத்துக்கும் மேலாகத் தேய்ந்து தேய்ந்து இல்லாமல் போவதுதான் ‘தி டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்’ வரிசையின் முதல் பகுதி.

அடுத்து வந்தது செப்டம்பர் 11. தன் வீட்டு மொட்டைமாடியிலிருந்து எதிர்க்கரையில் புகை எழுவதைப் பசின்ஸ்கி பார்த்தார். அன்றைய கடைசி வெளிச்சத்தை வீடியோவில் பதிவுசெய்தார். பிறகு அந்தக் காட்சியோடு இந்த இசையைச் சேர்த்தார். இசையை அன்று இறந்தவர்களுக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த இசைக்கும் அந்த நாளுக்கும் காரண காரியத் தொடர்பு எதுவும் இல்லை. பசை உலர்ந்ததற்கு யாரும் பொறுப்பில்லை. கோபுரம் விழுந்ததற்குப் பொறுப்பு உண்டு. ஒன்றை மற்றொன்றின் மேல் வைத்ததும் கொலை முதுமையைப் போலத் தெரியத் தொடங்குகிறது. ‘எல்லாமே ஒருநாள் உதிரும்’ என்கிற ஆறுதல் அங்கே பொருந்தாது. அவர்கள் உதிரவில்லை, கொல்லப்பட்டார்கள்.

ஆனால் பசின்ஸ்கியோடு இன்னொருவரை ஒப்பிட்டுப் பார்க்கலாம். மின்னணு இசையின் முன்னோடிகளில் ஒருவரான கார்ல்ஹைன்ஸ் ஸ்டாக்ஹவுசன் அதே மாதம் 16ஆம் தேதி ஹாம்பர்க்கில் பத்திரிகையாளர்களிடம் பேசும்போது, அந்தத் தாக்குதலை மாபெரும் கலைப்படைப்பு என்ற பொருளில் விவரித்தார். அது சாத்தானின் படைப்பு என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன் என்று பின்னால் விளக்கினாலும், அங்கே நடக்கவிருந்த அவருடைய கச்சேரிகள் ரத்தாயின. இருவரும் பார்த்தது ஒரே புகையைத்தான். ஸ்டாக்ஹவுசனின் வாக்கியத்தில் அழகின் ஊற்று அழிவு. அழித்தவர் கலைஞர் ஆகிறார். பசின்ஸ்கியிடம் அழகு ஏற்கெனவே இருந்தது, அது போய்க்கொண்டிருக்கிறது, நாம் அதை வழியனுப்பிக்கொண்டிருக்கிறோம். சிதைப்பதை ரசிப்பதும், சிதைவதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதும் ஒன்றல்ல. ஒரே அறையில் நடந்தாலும் ஒன்றல்ல.

பத்து ஆண்டுகள் கழித்து, 2011 செப்டம்பர் 11 அன்று, நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் அந்த முதல் பகுதியை ஓர் ஆர்கெஸ்ட்ரா வாசித்தது. யோசித்துப் பாருங்கள். நாடாவில் தானாக நடந்த தேய்வை, இப்போது தேர்ந்த கலைஞர்கள் பயிற்சி எடுத்து, ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைத்து வாசிக்க வேண்டும். சும்மா விட்டதால் விளைந்த ஒன்றை இவ்வளவு பேர் கவனத்தால் திரும்பச் செய்கிறார்கள். எனக்கு அந்தக் கவனத்தின் மேல்தான் மரியாதை வருகிறது. சிதைவு இலவசம். கவனம் இலவசம் இல்லை.

5

இதையெல்லாம் நான் தூரத்து விஷயமாகப் பேசிக்கொண்டிருக்க முடியாமல் போனதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வீட்டில் பதினோரு கேசட்டுகள் இருக்கின்றன.

அப்பா தொண்ணூறுகளில் குவைத்தில் வேலை பார்த்தார். போன் விலை கட்டுப்படியாகாத காலம். கடிதத்துக்குப் பதிலாகச் சில சமயம் கேசட்டில் பேசி, ஊருக்கு வருகிற யாரிடமாவது கொடுத்தனுப்புவார். வளைகுடா போன வீடுகள் பலவற்றில் இது உண்டு. அப்பா இறந்து ஆறு வருடம் கழித்து, அம்மா அந்தக் கேசட்டுகளை எடுத்து என்னிடம் கொடுத்தார்.

கணினியில் ஏற்றிக் கேட்டபோது, நான் பல வருடமாகக் கேட்டுவரும் இசை எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது என்று தோன்றியது. அப்பாவின் குரலுக்கு அடியில் ‘ஸ்ஸ்’ என்று ஓயாத ஒரு இரைச்சல். அதற்கும் அடியில் அந்த அறையின் ஏசி போடும் ஒரே சுருதி. இடையிடையே நாடா நைந்த இடத்தில் குரல் நீருக்குள் போய் வருகிறது. இதை அப்படியே எடுத்து, ஒரு வீணையை மட்டும் மெதுவாகச் சேர்த்தால் எப்படி இருக்கும் என்று என் மனம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

அம்மா கேட்டுவிட்டுச் சொன்னது வேறு. “இந்த ஸ்ஸ்ங்கிற சத்தத்தை எடுத்துட முடியாதாடா? அவர் பேசறது ஒண்ணும் வெளங்கலை.”

முடியும். இரைச்சல் நீக்கும் மென்பொருள் செய்வது எளிய வேலைதான். யாரும் பேசாத ஒரு துண்டை நாம் காட்ட வேண்டும். அதிலிருந்து ‘இதுதான் இரைச்சல்’ என்று அது அலைவரிசை வாரியாகக் கற்றுக்கொண்டு, முழுப் பதிவிலிருந்தும் அதைக் கழிக்கும். கழித்தேன். ஏசி போனது. அறை போனது. குவைத்தே போனதுபோல இருந்தது எனக்கு. அப்பா எங்கிருந்து பேசுகிறார் என்றே தெரியாத ஒரு சுத்தமான குரல் மட்டும் மிஞ்சியது.

அம்மா அதைத்தான் கேட்டார். திரும்பத் திரும்பக் கேட்டார். ஒரு இடத்தில் மட்டும் துகளே இல்லை. என்ன செய்தும் வார்த்தை வரவில்லை.

“அதுல என்ன சொல்றார்மா?”

“என்ன சொல்லப் போறார், பால்காரனுக்குப் பாக்கி எவ்வளவுன்னு கேட்டிருப்பார்.”

அம்மாவுக்கு அது இசை இல்லை, கடிதம். எழுத்து தெரிய வேண்டும், அவ்வளவுதான். காகிதம் மஞ்சளாகியிருப்பதன் அழகு யாருக்கு வேண்டும்? அதைக் கேட்க உரிமையுள்ள முதல் ஆள் அவர். அவர் சொன்னதுதான் முதலில் நடக்க வேண்டும். இரைச்சலோடு உள்ள மூலப் பிரதி என்னிடம் தனியாக இருக்கிறது. அதை நான் கேட்கலாம். ஆனால் இரண்டாவதாக.

6

இந்த ‘இரண்டாவதாக’ என்பதைப் பிடித்துக்கொண்டு நதோரி பியானோவுக்குத் திரும்புகிறேன்.

சுனாமி நடந்த அதே 2011இல், பாதிக்கப்பட்ட பகுதிகளின் பள்ளிகளில் சேதமான இசைக்கருவிகளைப் பரிசோதித்துப் பழுதுபார்ப்பதற்காக ஒரு நிதி தொடங்கப்பட்டது. அதை முன்னின்று தொடங்கியவர் சகாமோட்டோ. பிறகு அந்தப் பகுதி இளைஞர்களை வைத்து ‘தொஹோகு யூத் ஆர்கெஸ்ட்ரா’ உருவாகவும் காரணமாக இருந்தார். அதாவது ஒரு கருவியை ‘இயற்கையின் சுருதி’யில் விட்ட அதே மனிதர், குழந்தைகளின் கருவிகளை மனிதர்களின் சுருதிக்குத் திருப்பும் வேலையிலும் இருந்தார். அங்கே அவர் ‘அப்படியே இருக்கட்டும், அழகாக இருக்கிறது’ என்று சொல்லவில்லை. நாளைக்கு வகுப்பில் வாசிக்க வேண்டிய பிள்ளைக்கு ‘ச’ என்று அழுத்தினால் ‘ச’ வர வேண்டும்.

எனக்கு வேண்டிய விடையின் பெரும்பகுதி இங்கே இருக்கிறது. உடைந்த ஒன்றைப் பார்த்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இது அழகாக இருக்கிறதா என்பது அல்ல. இது இன்னும் யாருக்காவது வேண்டியிருக்கிறதா என்பதுதான். வேண்டியிருந்தால் சரிசெய்ய வேண்டும். அதன் சிதைவை ரசிப்பது அங்கே திருட்டு. யாருக்கும் பயன்படுத்த முடியாத, சரிசெய்யவும் முடியாத நிலைக்குப் போனபிறகு, அதைக் குப்பையில் போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கலாம். அப்போது அது திருட்டு ஆகாது. ஒருவகைக் காவல்.

இந்த இடத்தில் பலரும் ‘கின்ட்சுகி’யைக் கொண்டுவருவார்கள். உடைந்த கிண்ணத்தைத் தங்கப்பொடியோடு ஒட்டும் ஜப்பானியக் கலை. ‘பாருங்கள், ஜப்பானியர்கள் உடைசலைக் கொண்டாடுகிறார்கள்’ என்று இன்ஸ்டாகிராமில் வாரம் ஒருமுறையாவது யாராவது சொல்கிறார்கள். ஆனால் கின்ட்சுகி முதலில் பழுதுபார்ப்பு. அரக்குப் பாலால் ஒட்டி, காயவைத்து, பொறுமையாகச் செய்யும் வேலை. வேலை முடிந்தால் கிண்ணத்தில் மறுபடியும் தேநீர் நிற்கும். ஒட்டாமல் கிடக்கும் ஓட்டாஞ்சில்லுக்கு யாரும் தங்கம் பூசுவதில்லை.

சரி, இந்த விதியை நமக்கு வலிக்கும் இடத்தில் வைத்துச் சோதித்துப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கும் மேல் இறந்தார்கள். கரையோரப் பள்ளி ஒன்றில் கடல் நனைத்த ஒரு ஹார்மோனியம் கிடைக்கிறது என்று கற்பனை செய்துகொள்ளுங்கள். துருத்தி கிழிந்து, ரீடுகள் துருப்பிடித்து, இரண்டு கட்டை மட்டும் ஏதோ முனகுகிறது. வெளியூரிலிருந்து ஒரு இசைக் கலைஞர் வந்து, மைக் வைத்து அதைப் பதிவுசெய்து, கணினியில் ஒலியைச் சில மில்லி நொடித் துண்டுகளாக நறுக்கிப் பரப்பி, ஒரு ஆல்பம் போடுகிறார். ஆல்பத்தின் பெயர் ‘கடலின் சுருதி’. நமக்கு எப்படி இருக்கும்?

எனக்குக் கோபம் வரும் என்றுதான் நினைக்கிறேன். நதோரி பியானோவை நிம்மதியாகக் கேட்ட அதே எனக்கு. அப்படியானால் என் நிம்மதியில் பாதி, தூரம் கொடுத்த நிம்மதி. அந்தப் பள்ளியில் படித்த யாரையும் எனக்குத் தெரியாது என்பதால் வந்தது. இதை ஒப்புக்கொண்டுதான் மேலே போக வேண்டும்.

ஆனால் அந்தக் கோபம் எதனால் தணியும் என்று கேட்டுப் பார்க்கிறேன். அவர் அந்த ஊர்க்காரராக இருந்தால் கொஞ்சம் தணியும். அந்தப் பள்ளிக்கு வேறு ஹார்மோனியம் வந்து, பிள்ளைகள் அதில் பாட்டு கற்றுக்கொண்டிருந்தால் தணியும். ஊரில் யாராவது ‘அதைத் தூக்கிப் போட மனசு வரலை, நீங்களாவது எடுத்துட்டுப் போங்க’ என்று சொல்லியிருந்தால் தணியும். ‘கடலின் சுருதி’ என்கிற பெயரை மட்டும் மாற்றினால்கூடக் கொஞ்சம் தணியும். கடலுக்குப் பாராட்டுப் பத்திரம் வாசிக்க வேண்டாம். அது இசை சொல்லித்தர வரவில்லை.

சகாமோட்டோவின் சொல்லோடு எனக்கு இருக்கும் கருத்து வேறுபாடும் இதுதான். அவர் செய்ததை ஏற்கிறேன், சொன்னதை ஏற்கவில்லை. கடல் எதையும் சுருதி சேர்க்கவில்லை. கடல் உடைத்தது. உடைந்ததன் முன்னால் ஒரு மனிதர் வந்து உட்கார்ந்து, அதை எப்படிக் கேட்பது என்று கற்றுக்கொண்டார். சுருதி சேர்ந்தது அவருடைய காதில்.

7

மிச்சம் இருப்பது கேட்பவரின் பங்கு. நம் பங்கு.

ஆம்பியன்ட் இசையை நான் பெரும்பாலும் வேலை செய்துகொண்டேதான் கேட்கிறேன். திரையில் கோடு, காதில் சகாமோட்டோவும் ஆல்வா நோட்டோவும். ஆல்வா நோட்டோ என்ற பெயரில் இயங்கும் ஜெர்மானியக் கலைஞர் கார்ஸ்டன் நிக்கோலாயோடு சேர்ந்து சகாமோட்டோ 2002இல் ‘விரியோன்’ வெளியிட்டார், 2005இல் ‘இன்சென்’, 2011இல் ‘சம்வஸ்’. பியானோவில் ஒரு கட்டையை அழுத்திய கணத்திலிருந்தே அந்த ஒலி சாகத் தொடங்குகிறது. வயலினைப் போல இழுத்துப் பிடிக்க வழியில்லை. மின்னணு அலையோ நிறுத்தும்வரை நிற்கும். சாகிற ஒலியும் சாகாத ஒலியும் பக்கம் பக்கமாக நடப்பதுதான் அந்த ஆல்பங்கள். இதைப் பின்னணியில் ஓடவிட்டு டிக்கெட் மூடிக்கொண்டிருப்பது அவமரியாதையா?

அப்படி இல்லை என்று நினைக்கிறேன். பின்னணி என்பது தாழ்ந்த இடம் இல்லை. நியூயார்க்கில் ‘கஜிட்சு’ என்ற உணவகம் சகாமோட்டோவுக்கு மிகவும் பிடித்தது. ஆனால் அங்கே ஓடிய இசையைப் பொறுக்க முடியவில்லை. சமையல் இவ்வளவு அழகு, இசை ஏன் இப்படி என்று அங்கிருந்த தலைமைச் சமையல்காரருக்கு எழுதினார். பணம் வாங்காமல் தானே பாடல்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார். சாப்பிடும்போது யாரும் கவனிக்காமல் போகக்கூடிய இசைக்கு அவர் அவ்வளவு மெனக்கெட்டார். பின்னணியில் இருப்பதும் ஒரு பொறுப்பு என்று நினைத்தவர் அவர்.

எனக்கு உறுத்துவது வேறு. இப்போது சந்தையில் போலிச் சிதைவு தாராளமாகக் கிடைக்கிறது. சுத்தமாகப் பதிவான பியானோவின் மேல் பழைய இசைத்தட்டின் கீறல் சத்தத்தைத் தூவ ஒரு பொத்தான். ஒலிநாடாவின் தள்ளாட்டத்தைச் சேர்க்க இன்னொரு பொத்தான். எவ்வளவு பழசாக வேண்டும் என்று திருகிக்கொள்ளலாம். தப்பில்லை, நானே திருகிப் பார்த்திருக்கிறேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அதில் எதுவும் தொலையவில்லை. யாரும் எதையும் இழக்காமல் இழப்பின் மணம் மட்டும் வருகிறது. அதையே கேட்டுப் பழகிய காதுக்கு, நிஜமாகவே ஒன்று உடையும்போதும் அது ஒரு எஃபெக்ட்டாகத்தான் கேட்கும் என்று பயப்படுகிறேன்.

2017இன் இறுதியில் சகாமோட்டோவும் ஷிரோ தகதானியும் டோக்கியோவில் ஒரு நிறுவுதல் கலைப்படைப்பை வைத்தார்கள். பெயர் ‘இஸ் யுவர் டைம்’. நடுவில் அந்த நதோரி பியானோ. அதைக் கைகள் வாசிப்பதில்லை. உலகெங்கும் பதிவான நிலநடுக்கங்களின் தரவு கட்டைகளை அழுத்துகிறது. பொறியாளனாக எனக்கு அது எப்படி நடக்கும் என்று புரிகிறது: தரவு வருகிறது, எண்ணாகிறது, எந்தக் கட்டை என்று முடிவாகிறது, ஒரு சிறு இயந்திரம் இறங்குகிறது. புரியாதது, அதைக் கேட்டுக்கொண்டு அந்த அறையில் நிற்பவர் என்ன செய்ய வேண்டும் என்பது. ஒவ்வொரு ஒலியும் எங்கோ தரை அசைந்ததன் தடயம். பெரும்பாலானவை யாரையும் தொடாதவை. ஆனால் எந்த ஒலி யாருடைய வீட்டைச் சாய்த்தது என்று அந்த அறையில் நிற்பவருக்குத் தெரியாது.

‘அழகாக இருக்கிறது’ என்று சொல்வதற்கு முன் ‘யாருக்கு என்ன ஆயிற்று?’ என்று கேட்டுக்கொள்வது. அந்த இசை நம்மிடம் எதிர்பார்ப்பது இவ்வளவுதான் என்று படுகிறது. கேட்ட பிறகும் அது அழகாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அந்த அழகு நம்மைச் சமாதானப்படுத்தி வீட்டுக்கு அனுப்பாது. கொஞ்சம் வேலை கொடுத்து அனுப்பும்.